இளவாள் இலக்கணம்

உலகத்து வாள்வீச்சாளர் தொகையால் ஒருவர். வகையால் இருவர்: இளையோர், ஏனையோர். விரியால் எத்தனை பேர் என்பதை லோசான் நகரில் இருக்கும் சர்வதேச வாள்வீச்சுக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் டிசம்பர் 31 நள்ளிரவில் தீர்மானிக்கிறது.

அதென்ன நள்ளிரவு எனின், விதி அப்படி. போட்டி நடக்கும் ஆண்டுக்கு முந்தைய டிசம்பர் 31 நள்ளிரவில் 17 வயது நிரம்பாதிருந்தால் கேடட். 20 நிரம்பாதிருந்தால் ஜூனியர். புத்தாண்டு அன்று 13 நிரம்பாதவர் கூட்டமைப்பின் கண்ணுக்கே தெரிய மாட்டார். 2025 ஏப்ரலில் சீனாவின் ஊஷி நகரில் நடந்த உலகப் போட்டியை எடுத்துக்கொள்வோம். 2008 ஜனவரி 1 அன்று பிறந்த பிள்ளை அங்கே கேடட். அதற்கு முந்தைய நாள் பிறந்த பிள்ளைக்குக் கேடட் கதவு சாத்தியாகிவிட்டது. 18, 19 வயதுக்காரர்களோடு ஜூனியராக மோத வேண்டியதுதான். இருவருக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ராத்திரி. ஆனால் 2008 ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வகை. ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. ஆகவே இளமை உடலின் பண்பன்று, காலண்டரின் பண்பு என்பது இந்நூலின் முதல் துணிபு.

அஃதேல், மூத்தோர் யார் எனின், அதுதான் சிக்கல். மூத்தோர் போட்டிக்கு மேல் எல்லை கிடையாது. கீழ் எல்லை அதே 13. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இந்த மாதம் கேடட், அடுத்த மாதம் ஜூனியர், தகுதி பெற்றால் அதற்கடுத்த மாதம் மூத்தோர். மூன்று வகையிலும் ஒரே காலத்தில் இருக்கலாம். மூத்தோர் என்பதற்கு வயதோடு ஒரு தொடர்பும் இல்லை. வடிகட்டாமல் விட்டதற்கெல்லாம் வைத்த பெயர் அது. 40 வயதானதும் வெட்டரன் என்று மறுபடி வகுக்கத் தொடங்கி, 50, 60, 70 என்று பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டு போகிறார்கள். இடைப்பட்ட 20 ஆண்டு காலம் மனிதன் வகையற்றுத் திரிகிறான். அந்த அனாதைகளைப் பார்த்து மனமிரங்கி ஐரோப்பாவும் ஆசியாவும் 23 வயதுக்குட்பட்டோர் என்று ஒரு திண்ணை போட்டுக் கொடுத்திருக்கின்றன.

நம் பாட்டியல் நூலார் இந்த வேலையை இன்னும் துல்லியமாகச் செய்தவர்கள். பேதை முதல் பேரிளம்பெண் வரை பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்தபோது, மடந்தைக்கு அவர்கள் கொடுத்த வயது 14 முதல் 19 வரை. ஜூனியர் எல்லையும் கிட்டத்தட்ட அங்கேயே வந்து நிற்கிறது. லோசானில் எவரும் பன்னிரு பாட்டியலைப் புரட்டியிருக்க வழியில்லை; ஒத்த அறிவுடையோர் ஒத்த முடிவுக்கு வருவர் என்று கொள்க. ஆண்கள் விஷயத்தில் மட்டும் இரு மரபும் முட்டிக்கொள்கின்றன. பாட்டியல் கணக்கில் விடலைப் பருவம் 30 வயது வரை நீளும். அதைக் கூட்டமைப்பு ஏற்றிருந்தால் ஜூனியர் வீரர்கள் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து இறங்கியிருப்பார்கள்.

இனி வரலாறு. வகை பிரிப்பதற்கு முந்தைய காலத்தில் இளையோர் பிறக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1900ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் எபே வாளில் தங்கம் வென்ற கியூபாவின் ரமோன் ஃபோன்ஸ்டுக்கு வயது 16. 1912ல் ஸ்டாக்ஹோமில் ஃபாயில் வென்ற இத்தாலியின் நேடோ நாடிக்கு 18. 1928ல் ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் ஃபாயில் தங்கத்தை எடுத்துச் சென்ற ஜெர்மனியின் ஹெலன் மேயருக்கு 17. 1936ல் பெர்லினில் வென்ற இத்தாலிய எபே அணியில் நின்ற எடோர்டோ மஞ்சியாரோட்டிக்கும் 17. இந்த நால்வரையும் யாரும் இளையோர் என்று தனியாக உட்கார வைக்கவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பெரியவர்களைக் குத்திவிட்டுப் பதக்கத்தோடு வீட்டுக்குப் போனார்கள். தனிப் போட்டி வந்த பிறகு இளையோர் பெரும்பாலும் இளையோரையே குத்துகிறார்கள். இது முன்னேற்றமா என்றால், முன்னேற்றம்தான். மேதைக்குத் தனிப் பிரிவு தேவைப்படாது. முதல் சுற்றில் தோற்று, அடுத்த ஆண்டும் வந்து, இரண்டாம் சுற்றில் தோற்கும் பிள்ளைக்குத்தான் அது தேவை. அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் எந்த ஊரிலும் அதிகம்.

கூட்டமைப்பு பாரிஸில் பிறந்த ஆண்டு 1913. உலக இளையோர் போட்டி தொடங்கிய ஆண்டு 1950. கேடட் உலகப் போட்டி சேர்ந்த ஆண்டு 1987. கழித்துப் பார்ப்பவர் திடுக்கிடுவார்: முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே 37, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே மறுபடி 37. இதை முப்பத்தேழாண்டு நியதி என்க. இந்நியதிப்படி 2024ல் கேடட்டுக்கும் கீழே ஒரு புதிய இனம் கண்டெடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த ஆண்டு ரியாத்தில் கூடினார்கள், வாள் வீசினார்கள், கலைந்தார்கள். புது இனம் ஒன்றும் வெளிப்படவில்லை. நியதி பிழையன்று, கூட்டமைப்பு தாமதிக்கிறது.

வாள் மூன்று. ஃபாயில் உடலின் நடுப்பகுதியை மட்டும் நுனியால் தொட வேண்டியது. எபே தலை முதல் கால் விரல் வரை எங்கு வேண்டுமானாலும் நுனியால் தொடலாம். சேபர் இடுப்புக்கு மேலே, நுனியாலும் தொடலாம், வெட்டாகவும் தொடலாம். முதலும் மூன்றும் 500 கிராமுக்குள் அடங்கும்; எபே 770 வரை போகும். மின்கருவியும் ஒரே நாளில் வந்துவிடவில்லை: எபேக்கு 1930களில், ஃபாயிலுக்கு 1950களில், சேபருக்கு 1980களின் கடைசியில். பெண்களுக்கு வாள் கிடைத்த வேகம் இன்னும் மெதுவானது. ஒலிம்பிக்கில் 1924ல் ஃபாயில் கொடுத்தவர்கள், எபே கொடுக்க 1996 வரையிலும் சேபர் கொடுக்க 2004 வரையிலும் யோசித்தார்கள்.

வாளின் குணம் பிள்ளையின் குணமாகிவிடும் என்பது அரங்குகளில் உட்கார்ந்து பார்த்தவர்க்கு விளங்கும். எபேயில் இருவரும் விநாடியின் 25ல் ஒரு பங்குக்குள் தொட்டால் இருவருக்கும் புள்ளி, வாதத்துக்கு இடமில்லை. ஆகவே எபே பிள்ளைகள் அமைதியாக, சற்றே கணக்குப்பிள்ளை முகத்தோடு இருப்பார்கள். மற்ற இரண்டிலும் தாக்குதல் உரிமை யாருடையது என்று நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இருவர் விளக்கும் எரியும், உரிமை ஒருவருக்குத்தான். எனவே விளக்கு எரிந்த கணத்திலேயே இரு பிள்ளைகளும் முகக்கவசத்துக்குள்ளிருந்து வெற்றிக் கூச்சல் போடுவர். அக்கூச்சல் நான்கு வகைப்படும்: தான் தொட்டதை அறிந்து கத்துவது, தொட்டோமா என்று ஐயுற்றுக் கத்துவது, தொடவில்லை என்று தெரிந்தும் நடுவருக்காகக் கத்துவது, எதிராளி கத்திவிட்டாளே என்று கத்துவது. இவற்றுள் மூன்றாவதே ஓசையில் பெரிது.

காயத்தால் வரும் வகை ஒன்றுண்டு. அதை நகைச்சுவையில் சேர்க்க முடியாது. 1978ல் மாட்ரிட் உலக இளையோர் போட்டியில் சீனாவின் லுவான் ஜுஜியே, வயது 19, சோவியத் வீராங்கனை ஒருவரோடு ஃபாயில் வீசிக்கொண்டிருந்தார். எதிராளியின் வாள் ஒடிந்து அவர் கையைத் துளைத்தது. அவர் நிறுத்தவில்லை, மிச்சப் போட்டிகளையும் ஆடி வெள்ளியோடு வந்தார். அவரைப் பற்றி எழுதப்பட்ட ஒரு நீண்ட கட்டுரை சீனா முழுக்கப் பரவியது. 1984ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் தங்கம். பிறகு கனடாவில் குடியேறி, 2008ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கனடாவுக்காக மீண்டும் வாளெடுத்தபோது வயது 50. ஒடிந்த வாள் எல்லோரையும் அப்படி விட்டுவிடவில்லை. 1982ல் ரோம் உலகப் போட்டியில் ஒலிம்பிக் சாம்பியன் விளாதிமிர் ஸ்மிர்னோவின் முகக்கவசத்தை ஒடிந்த வாள் ஊடுருவி, சில நாட்களில் அவர் இறந்தார். இன்று கேடட் பிள்ளை அணிந்திருக்கும் கவசத்தின் தடிமனும், கையிலிருக்கும் வாளின் எஃகும் அந்த மரணத்துக்குப் பிறகு மாறியவை.

அட்டையால் வரும் வகை: மஞ்சள், சிவப்பு, கருப்பு. மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு எதிராளிக்கு ஒரு புள்ளி, கருப்பு வெளியேற்றம். கருப்பு அட்டைக்கு நம் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. பவானி தேவி பள்ளியில் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கப் போனபோது மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் வாள்வீச்சுக்கு வந்தவர். மின்வாளுக்குக் காசில்லாமல் மூங்கில் குச்சியால் பழகியதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். 14 வயதில் துருக்கியில் முதல் சர்வதேசப் போட்டி. மூன்று நிமிடம் தாமதமாக வந்தார். கருப்பு அட்டை காட்டினார்கள். வாளைத் தூக்கும் முன்பே போட்டி முடிந்தது. சர்வதேச வாள்வீச்சில் ஒரு தமிழ்ப் பெண்ணின் முதல் நாள் இப்படித்தான் பதிவாகியிருக்கிறது. மூங்கில் குச்சியோடு தொடங்கிய பிள்ளை கண்டம் தாண்டி வந்து நிற்கும்போது மூன்று நிமிடம் பெரிதா என்று கேட்கத் தோன்றும். விதிக்கு ஊர் பேர் தெரியாது. அதுதான் அதன் பெருமை என்கிறார்கள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. 2014ல் பிலிப்பைன்ஸில், மேலே சொன்ன 23 வயதுத் திண்ணையில், ஆசிய வெள்ளி வென்றார். அதை எட்டிய முதல் இந்தியர். டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் ஆட்டத்தை 15-3 என்று முடித்து, அடுத்ததில் பிரான்ஸின் மனோன் புருனேயிடம் 7-15 என்று தோற்றார். 2023ல் ஊஷியில் ஆசிய வெண்கலம், அதுவும் உலகச் சாம்பியன் மிசாகி எமுராவை வீழ்த்தி.

எவ்வகையிலும் அடங்காதார்க்கு அமெரிக்காவின் மரியல் ஜகுனிஸ் உதாரணம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு முதலில் அவர் தகுதி பெறவே இல்லை. நைஜீரியா தன் இடத்தைப் பயன்படுத்தாமல் விட்டதால் அழைப்பு வந்தது. 19 வயதில் போனார்; சேபர் தங்கத்தோடு திரும்பினார். காலண்டர்படி அப்போது அவர் ஜூனியர்.

இடத்தால் வரும் வகையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பல்கேரியாவின் புளொவ்டிவ் நகரம் 2014, 2017, 2023 என்று பத்தாண்டுக்குள் மும்முறை இளையோர் உலகப் போட்டியை நடத்தியது. பெற்றோர் வகைகளைச் சொல்லத் தொடங்கினால் தனி நூலாகும்: வீடியோ எடுப்போர், நடுவரை முறைப்போர், தாமும் தோள் சாய்த்துக் காற்றில் குத்துவோர். கடைசி வகையினர் பக்கத்தில் உட்காராதிருத்தல் நலம்.

2010ல் சிங்கப்பூரில் இளையோர் ஒலிம்பிக் தொடங்கியபோது, இத்தனை வகுப்பையும் கலைத்துப் போடும் ஒரு காரியம் செய்தார்கள். ஆணும் பெண்ணும், மூன்று வாளும், வெவ்வேறு நாடுகளும் சேர்ந்து கண்டத்தின் பேரில் ஒரே அணி. தனியாட்டத்தில் ஒருவரையொருவர் வீழ்த்திய பிள்ளைகள், அணியாட்டத்தில் ஒரே பக்கம் நின்று கத்தினார்கள். 2014ல் நான்ஜிங்கிலும் 2018ல் புவனோஸ் அயர்ஸிலும் இதே ஏற்பாடு தொடர்ந்தது. அடுத்தது செனகலின் டக்கரில், 2026 அக்டோபர் 31 முதல் நவம்பர் 13 வரை என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஆப்பிரிக்க மண்ணில் நடக்கும் முதல் ஒலிம்பிக் போட்டி அதுதான். நிகழ்ச்சி நிரலில் வாள்வீச்சும் உண்டு.