எண்ணிச் செய்த கார்கள்: கேள்வி – பதில்

உலகத்திலேயே அதிக விலைக்குப் போன கார் எது? (சேலம் வாசகர்)

மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹவுட் கூபே. 2022 மே மாதம், ஷ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஏலம் நடந்தது. 13.5 கோடி யூரோ. அன்றைய கணக்கில் சுமார் 1,100 கோடி ரூபாய். மொத்தம் செய்ததே இரண்டு கார். 1955 லெ மான் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் சிதறிப் பார்வையாளர்கள் மேல் விழுந்தது. எண்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த ஆண்டோடு கம்பெனி பந்தயத்தை விட்டு விலகியது. அதனால் இந்தக் கூபே இரண்டும் பந்தயமே ஓடவில்லை. வடிவமைத்த பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹவுட் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போய் வந்தார். "டிராஃபிக், அதனால் லேட்" என்று அவர் சொல்லியிருந்தால் வாட்ச்மேன்கூட நம்பியிருக்க மாட்டார். ஏலத்தில் வந்த பணத்தை மாணவர் உதவித்தொகைக்கு ஒதுக்கினார்கள்.

ஃபெராரி வாங்க பேங்கில் லோன் தருவார்களா? (ஈரோடு வாசகர்)

தருவார்கள், லோனே தேவைப்படாத ஆளாக இருந்தால்.

குறைந்த எண்ணிக்கையில் செய்தால் விலை தானாக ஏறிவிடுமா? (மதுரை வாசகர்)

ஏறாது. இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வாரம் காத்திருந்தேன், மதுரைக்காரரே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ.வை எடுத்துக்கொள்வோம். 2010-லிருந்து 2012 வரை சரியாக 500 கார்தான் செய்தார்கள். விலை 3,75,000 டாலர். குறைவாகச் செய்தால் போதும் என்றால் ஷோரூம் வாசலில் வரிசை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. "லெக்ஸஸுக்கு இவ்வளவா" என்று பணக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். உற்பத்தி நின்று சில வருஷம் கழித்துக்கூட அமெரிக்க டீலர்களிடம் விற்காத எல்.எஃப்.ஏ. இருந்தது. பிறகுதான் அந்த வி10 இன்ஜினின் குரல் ஊர் உலகத்தின் காதில் விழுந்தது. சத்தத்தைச் செதுக்கியதில் யமஹாவுக்குப் பங்கு உண்டு. இன்ஜின் 0.6 விநாடியில் 9,000 சுற்றைத் தொட்டுவிடும். முள் வைத்த மீட்டரால் அதன் பின்னால் ஓட முடியாது என்று திரையில் தெரிகிற மீட்டரைப் பொருத்தினார்கள். இன்றைக்கு அந்தக் காரின் விலை அன்றைய விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 500 என்ற எண் நடுவில் மாறவே இல்லை. மாறியது கேட்டவர்களின் ஆசை.

ஃபெராரி 250 ஜி.டி.ஓ. கதை இன்னும் ருசி. 1962-லிருந்து 1964 வரை 36 கார். அது ஓட வேண்டிய பந்தயப் பிரிவில் இடம்பெற 100 கார் செய்திருக்க வேண்டும் என்பது விதி. இது புதுக் கார் இல்லை, ஏற்கெனவே இருக்கிற 250 ஜி.டி.யைத்தான் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம் என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். அமெரிக்காவில் அன்று 18,000 டாலர். பணம் இருந்தால் மட்டும் போதாது, வாங்குபவர் யாரென்று பார்த்து என்ஸோ ஃபெராரியே தலையாட்ட வேண்டும். அப்படிப் பெண் கேட்கிற மாதிரி போய் வாங்கிய கார், பத்து வருஷத்துக்குள் வெறும் பழைய பந்தய வண்டி ஆகிவிட்டது. ஒன்றை டெக்சஸில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு, பையன்கள் மெக்கானிக் வேலை பழகட்டும் என்று தானமாகவே கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் அதை 1972-ல் விற்றது. விலை 6,500 டாலர். வாங்கியவர் டிரெய்லரில் ஏற்றி வயல்வெளியில் நிறுத்திவைத்தார். வெயிலும் மழையும் அதன் தலையில்தான். கொஞ்சம் கண்ணை மூடி அந்த வயலை நினைத்துப் பாருங்கள். 2023 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் இன்னொரு ஜி.டி.ஓ. 5.17 கோடி டாலருக்குப் போனது.

அன்றும் 36, இன்றும் 36. பந்தயத்தில் ஜெயித்த கார், அதே காரில் ரோட்டிலும் போகலாம், பார்க்கவும் அழகு. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த பொருளுக்காக ஏங்குகிற தலைமுறை கையில் காசோடு வந்தபோதுதான் விலை எகிறியது. "லிமிடெட் எடிஷன்" என்று தகடு ஒட்டி விற்கிற இன்றைய கம்பெனிகள் முதலில் அந்த ஏக்கத்தைச் சம்பாதிக்கட்டும். தகட்டை அப்புறம் அடிக்கலாம்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த நிறம் எடுப்பு? (பொள்ளாச்சி வாசகி)

சிவப்பைத் தவிர எதுவும். பந்தய வீரர் ஸ்டர்லிங் மாஸுக்கென்று செய்த ஜி.டி.ஓ. வெளிர் பச்சை. அதன் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

விபத்தில் அடிபட்ட காருக்கு மவுசு குறையுமா? (தஞ்சாவூர் வாசகர்)

நம் மிஸ்டர் பீனைக் கேளுங்கள். டி.வி.யில் குட்டி மினியில் வந்த ரோவன் அட்கின்சன், நிஜத்தில் மெக்லாரன் எஃப்1 வைத்திருந்தார். மொத்தம் 106 செய்த கார், அதில் ரோட்டில் ஓட்டுவதற்கென்று செய்தது 64. டிரைவர் சீட் நட்டநடுவில். இன்ஜின் அறையின் சூட்டைத் திருப்பியனுப்ப உள்ளே தங்க ரேக் ஒட்டியிருப்பார்கள், சுமார் 16 கிராம். இரண்டு பவுனைக் கழுத்தில் போடாமல் இன்ஜினுக்குப் போட்டவர் கார்டன் மர்ரே, டர்பனில் பிறந்த தென்னாப்பிரிக்கர்.

அட்கின்சன் அந்தக் காரை 1999-ல் ஒருமுறை இடித்தார். 2011-ல் மரத்தில் மோதினார். இரண்டாவது தடவை ரிப்பேர் செலவு மட்டும் 9 லட்சம் பவுண்டுக்கு மேல். புதுக் காரின் விலையைவிடவே அதிகம். இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது. வேலையும் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. பிறகும் விடாமல் ஓட்டினார். மீட்டர் 41,000 மைலைக் காட்டிய நிலையில் 2015-ல் விற்றார். 80 லட்சம் பவுண்டு!

இந்தப் பகுதியை விடாமல் படிப்பவர்களுக்கு என் கட்சி தெரியும். ஓட்டாமல் பிளாஸ்டிக் உறை போட்டுப் பூட்டிவைக்கிற ஆளைக் கண்டால் எனக்கு ஆகாது. சந்தை இன்னும் என் கட்சிக்கு முழுசாக வரவில்லை. 2021-ல் பெபிள் பீச் ஏலத்தில் 2 கோடி டாலரைத் தாண்டிய எஃப்1, நானூறு கிலோமீட்டர்கூட ஓடாதது. பரவாயில்லை. மழையில் நனைந்து, மரத்தில் மோதி, திரும்பவும் ரோட்டுக்கு வந்த அந்தக் காருக்குத்தான் என் ஓட்டு.

மாப்பிள்ளை இந்த மாதிரிக் கார்களில் பணம் போடலாம் என்கிறார். போடலாமா? (திருநெல்வேலி வாசகி)

மாப்பிள்ளையிடம் ஜாகுவார் எக்ஸ்.ஜே.220 கதையைச் சொல்லுங்கள், அம்மா. 1988 பர்மிங்காம் கண்காட்சியில் வி12 இன்ஜின், நான்கு சக்கரமும் இழுக்கும் என்று காட்டினார்கள். விலை ஏறிக்கொண்டே போகிற காலம். ஆளாளுக்கு 50,000 பவுண்டு முன்பணம் கட்டினார்கள். பாதிப் பேருக்கு ஓட்டுகிற எண்ணமே கிடையாது, கைமாற்றி லாபம் பார்க்கத்தான். 1992-ல் கார் கைக்கு வந்தபோது உள்ளே இருந்தது வி6 டர்போ. பின்சக்கரம் மட்டும்தான் இழுத்தது. விலையும் ஏறியிருந்தது. நடுவில் பொருளாதாரம் படுத்துவிட்டது. கட்டியவர்கள் பின்வாங்கப் பார்த்தார்கள், விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. இத்தனைக்கும் அது நல்ல கார், மணிக்கு 340 கிலோமீட்டரைத் தாண்டிய கார். செய்தது முந்நூறுக்கும் குறைவு. ஆனாலும் வருஷக்கணக்கில் சீந்துவாரில்லை.

வாங்கியே தீருவது என்றால் பளபளப்பைப் பார்க்க வேண்டாம், காகிதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சேஸிஸில் பொறித்த எண், இன்ஜினில் பொறித்த எண், கியர்பாக்ஸ் எண். மூன்றும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா? முதல் முதலாளி யார், அடுத்து யார், நடுவில் விடுபட்ட வருஷம் உண்டா? சர்வீஸ் புத்தகம், காரோடு வந்த டூல் பை, சாவி எல்லாம் இருக்கிறதா? இன்ஜின் மாற்றியிருந்தால் விலையில் பெரிய துண்டு விழும். வீட்டுக்கடன் பாக்கி இருக்கும்போது இந்தப் பக்கமே வரவேண்டாம்.

ஜி.டி.ஓ. மாதிரியே ஒன்றைச் செய்துகொண்டால் என்ன? (கரூர் வாசகர்)

அது கலைப்படைப்பு, நகலெடுக்கும் உரிமை ஃபெராரிக்குத்தான் என்று 2019-ல் இத்தாலியின் பொலோனியா நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் ஊர்க் கொசுவலையைத் தைத்து விற்பதே உத்தமம்.

ஒரு காருக்கு இத்தனை கோடி என்று எழுத மனம் வருகிறதா உங்களுக்கு? (நாகப்பட்டினம் வாசகர்)

உங்கள் ஊரிலிருந்து வந்த கேள்வி என்பதால் நேராகவே சொல்கிறேன்.

ஃபெராரி என்ஸோ 399 போதும் என்று நிறுத்திய கார். 400-ஆவதாக ஒன்றைச் செய்து 2005 ஜனவரியில் போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுத்தார்கள். 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. உங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போன நாள் அது. அந்தக் காரை ஏலம் விட்டு, பணத்தைச் சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுப்பது என்று முடிவானது. ஏப்ரலில் போப் இறந்தார். ஜூனில் ஏலம் நடந்தது, 9,50,000 யூரோ வந்தது. அதே கார் 2015-ல் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. கூடின பணம் விற்றவருக்குப் போனது.

இதைச் சொல்லி எல்லாவற்றையும் நியாயப்படுத்த மாட்டேன். ஒரு காரின் விலையில் எத்தனையோ வீடு கட்டலாம். கட்டத்தான் வேண்டும். பணம் உள்ளவரிடம் அதைக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு, கேளுங்கள். நான் இந்தக் கார்களைப் பற்றி எழுதுவது விலைக்காக இல்லை. சில நூறு தொழிலாளிகள் கையால் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையைச் செய்திருக்கிறார்களே என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்க வழி உண்டா? (விருதுநகர் வாசகர்)

ஊலன்ஹவுட் கூபே இரண்டில் விற்காத ஒன்று மெர்சிடிஸ் கையில்தான் இருக்கிறது, ஷ்டுட்கார்ட் அருங்காட்சியகத்துக்கென்று வைத்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் கோயம்புத்தூர் அவினாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியம். ஃபெராரியைத் தேடாதீர்கள், பழைய கார்களைத் தேடிப் போங்கள். குழந்தைகளையும் கூட்டிப்போங்கள்.