ஓட்டம் பாதி, தாகம் பாதி

1938-இல் கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்கள் சிலர் தொடங்கி, இன்று உலகமெங்கும் கிளை விட்டிருக்கும் 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' ஓட்டக் குழுவில் சேர, ஓடத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 1950-இல் சங்கமாகப் பதிவு செய்தபோது எழுதிக் கொடுத்த நோக்கங்களைப் பாருங்கள்: உடம்பைப் பேணுவது, வார இறுதிப் போதையின் தலைவலியைப் போக்குவது, நல்ல தாகத்தை வரவழைத்துப் பீரால் தணிப்பது, வயதான உறுப்பினர்களை 'உங்களுக்கு ஒன்றும் வயதாகவில்லை' என்று நம்பவைப்பது. இரண்டாவது நோக்கத்துக்கு வேலை வற்றாமல் மூன்றாவது பார்த்துக்கொள்கிறது.

'முயல்' எனப்படுபவர் முன்னால் போய், மாவையோ காகிதத் துண்டுகளையோ தூவித் தடம் போடுவார். நடுநடுவே பொய்த் தடங்களும் உண்டு. வேகக்காரர் அவற்றில் ஓடி ஏமாந்து திரும்புவதற்குள் தொப்பைக்காரர் சாவகாசமாக வந்து சேர்ந்துவிடுவார். ஒரு பை மைதாவில் சமத்துவத்தைக் கொண்டுவந்த கட்சி வேறெதுவும் இல்லை.

ஓடி முடித்ததும் வட்டமாக நிற்கவைத்து விசாரணை. முதல் முறை வந்தது குற்றம். முந்தி ஓடியது குற்றம். புதுக் காலணி போட்டு வந்தது பெருங்குற்றம். அந்தக் காலணியிலேயே பீரை ஊற்றிக் குடிக்கவைக்கும் வழக்கம் பல கிளைகளில் உண்டு. வக்கீலும் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

ஆகவே, புதிதாகச் சேர்கிறவர்கள் மாதக்கணக்கில் மூச்சுப் பயிற்சி எடுக்க வேண்டாம். பழைய காலணி போதும். அதையும், எதற்கும் இருக்கட்டும், நன்றாகக் கழுவிக் காயவைத்துப் போட்டுக்கொண்டு போங்கள்.