குடியேறுவது எப்படி? கல்லாவியிலிருந்து சில இலவச ஆலோசனைகள்

குழந்தை குட்டிகளோடு வெளிநாட்டில் போய்க் குடியேறுவது எப்படி என்று ஊத்தங்கரை வட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்லாவியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். டெக்சாஸில் எந்த ஏரியாவில் பள்ளிக்கூடம் நல்லது, கிரீன் கார்டு வரிசை எந்த வருடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, கனடா குளிருக்குப் பிள்ளைக்கு எத்தனை சட்டை மாட்டவேண்டும் என்று விவரம் கொட்டும். 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு அமெரிக்காவில் பிறக்கும் பிள்ளைகள் இனி அமெரிக்கர்கள் இல்லையாம். நம் ஊர் கொதித்துப்போனது. "அந்த மண்ணுல பொறந்த புள்ளைய அந்த நாட்டுப் புள்ள இல்லன்னு சொல்ல இவன் யாருங்க?"

அருமையான கேள்வி. இதைக் கேட்க வாஷிங்டன் வரை போகவேண்டியதில்லை. அதே வட்டத்தில் இருக்கிற பாம்பாறு அணை வரை போனால் போதும்.

அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. ஒசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் இன்னொன்று. ஈரோட்டுப் பக்கம் பவானிசாகரில் மற்றொன்று. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேல். அவற்றில் சுமார் 58,000 பேர். 1983 ஜூலைக் கலவரத்தில் தொடங்கி, 1990இல், 1995க்குப் பிறகு, 2006இல் என்று சண்டை மூளும்போதெல்லாம் இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, தலையில் ஒரு மூட்டையோடு படகேறி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். இவர்களை எங்கே வைப்பது என்று யோசித்த அரசு, பல இடங்களில் தண்ணீரைத் தேக்கிய கரையிலேயே ஆட்களையும் தேக்கிவைத்தது. தண்ணீராவது வருடத்துக்கு ஒருமுறை மதகு வழியே வெளியே போகிறது.

வெளிநாட்டில் குடும்பத்தோடு குடியேறி நாற்பது வருடம் வரை அனுபவம் உள்ளவர்கள் இத்தனை பக்கத்தில் இருக்கும்போது, கன்சல்டன்சிக்காரனுக்குப் பணம் கட்டுவது வீண் செலவு. அவர்கள் வாழ்க்கையிலிருந்து திரட்டிய ஆலோசனைகள் இதோ. கட்டணம் இல்லை.

முதல் ஆலோசனை: உங்கள் தாத்தாவைச் சரியான கப்பலில் ஏற்றிவிடுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பஞ்சம் பிழைக்க இந்தியர்கள் பல திசைக்குப் போனார்கள். கரும்புத் தோட்டத்துக்கு டிரினிடாட் போனவர்களின் ஆறாம் தலைமுறைக்கும் ஓ.சி.ஐ. எனும் வெளிநாடுவாழ் இந்தியர் அட்டை உண்டு என்று 2025 ஜூலையில் பிரதமரே அந்த நாட்டுக்குப் போய் அறிவித்தார். மொரீசியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை உண்டு என்று அதற்கு முந்தைய வருடமே குடியரசுத் தலைவர் அறிவித்துவிட்டார். நல்ல காரியம், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் தாத்தா புத்தி கெட்டுப்போய் பக்கத்திலிருக்கும் இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தால் கதை வேறு. பழைய சேலம் ஜில்லாவிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம். கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் ஜில்லாதான். 1948இல் இலங்கை அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சந்தையில் ஆடு பிரிப்பதைப் போலப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் விட்டுப்போனவர்களும், கணக்கு முடியும் முன் கலவரத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்களும் ஆயிரக்கணக்கில் இன்று முகாம்களில் இருக்கிறார்கள். தாத்தா பிறந்த மண்ணுக்கே திரும்பி வந்தவர்களுக்கு இந்தியா வைத்த பெயர் சட்டவிரோதக் குடியேறி. கரும்பு வெட்டப்போன தாத்தாவின் எள்ளுப்பேரனுக்கு ஆயுள் முழுக்க விசா. கொழுந்து கிள்ளப்போன பாட்டியின் பேத்திக்கு ஆயுள் முழுக்க முகாமில் ஆள் எண்ணும் செக்கிங்.

இரண்டாவது ஆலோசனை: பிள்ளை பெறும் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்க்காதீர்கள், அரசிதழில் பாருங்கள். இந்திய மண்ணில் பிறந்தால் இந்தியக் குடிமகன் என்ற விதி 1987 ஜூலை 1 அன்றோடு முடிந்துபோனது. டிரம்புக்கு முப்பத்தெட்டு வருடம் முன்பே டெல்லி அந்த வேலையைச் செய்துவிட்டது. அன்றைக்கு எந்த டீக்கடை பெஞ்சும் கொதித்ததாகத் தகவல் இல்லை. சரி, அந்தத் தேதிக்கு முன்பே பிறந்துவிட்டால்? 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இருக்கிறார். சட்டப்படி பிறந்த நொடியே குடிமகள். பாஸ்போர்ட் கேட்டால் கிடைக்கவில்லை. 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்ட பிறகே கிடைத்தது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் அவர் முதல் ஓட்டுப் போட்டபோது பத்திரிகைகள் அதைச் சாதனை என்று எழுதின. ஒரு குடிமகள் முப்பத்தேழு வயதுக்கு மேல் ஓட்டுப் போடுவது சாதனையாகும் நாடு இது.

மூன்றாவது ஆலோசனை காதலர்களுக்கு. கல்லாவிப் பையன் ஒருவன் முகாம் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான் என்று வையுங்கள். அப்பா அசல் இந்தியன். ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாம் கையில். பிள்ளை ஊத்தங்கரை அரசு மருத்துவமனையில் பிறக்கிறது. இந்தியனா? இல்லை. 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. ஜாதகம் பார்த்து, ஜாதி பார்த்து, வரதட்சணை பேசி முடித்த கல்யாணத்திலும் பார்க்க மறக்கும் பொருத்தம் இது.

நான்காவது ஆலோசனை: தப்பி ஓடுவதென்றால் திசை பார்த்து ஓடுங்கள். 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் துன்புற்று ஓடிவந்த இந்துக்கள் உள்ளிட்ட ஆறு மதத்தாருக்குக் கதவு திறந்தது. முஸ்லிம் கிடையாது. இலங்கையிலிருந்து ஓடிவந்த இந்துவும் கிடையாது. காபூல் கண்ணுக்குத் தெரிந்தது. தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலைமன்னார் தெரியவில்லை. வல்லிபுரத்துப் பெருமாளையும் நல்லூர்க் கந்தனையும் கும்பிட்டவர்கள் இந்துக்களின் காவலர்கள் கணக்கில் இந்து இல்லை. மாநிலங்களவையில் அந்தச் சட்டத்துக்கு ஆதரவு 125, எதிர்ப்பு 105. ஆதரித்தவர்களில் அ.தி.மு.க.வின் 11 பேரும் பா.ம.க.வின் ஒருவரும் உண்டு. அந்த 12 ஓட்டும் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் சட்டம் அன்றே தோற்றிருக்கும். ஈழத்துக்காக மேடையில் குரல் கம்மிப்போன கட்சிகளின் கை, சபையில் தெளிவாகவே உயர்ந்தது.

தி.மு.க. எதிர்த்து ஓட்டுப் போட்டது. வாழ்க. ஆனால் 1999 முதல் 2013 வரை, இடையில் சில மாதங்கள் போக, மத்திய அமைச்சரவையில் அது உட்கார்ந்திருந்ததே! தொலைத்தொடர்பு கேட்டு வாங்கத் தெரிந்தது. கப்பல், சாலை, சுற்றுச்சூழல் கேட்டு வாங்கத் தெரிந்தது. பாம்பாறு அணைப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு வாங்க மட்டும் நேரம் வரவில்லை. 2021இல் ஆட்சிக்கு வந்த பிறகு 317 கோடி ரூபாய்க்கு நலத்திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாகச் சொன்னது. கட்டித்தரவும் தொடங்கியது. பத்துக்குப் பத்து அடி அறையில் மாமியார், மருமகள், கைப்பிள்ளை என்று முப்பது வருடம் படுத்தெழுந்தவர்களுக்கு அது பெரிய காரியம், மறுக்கவில்லை. முகாம் பலகையில் 'அகதிகள்' போய் 'மறுவாழ்வு' வந்தது. உள்ளே ஆள் எண்ணும் செக்கிங் அப்படியே இருக்கிறது. பணக்கொடையும் உயர்ந்தது: குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 500. ஒரு பிள்ளை ஒரு நாள் வளர 17 ரூபாய்கூட இல்லை. செக்கிங் அன்று ஆள் இல்லையென்றால் அந்தக் காசுக்கும் ஆபத்து. அதனால், பெங்களூரில் சாரத்தில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிக்கிறவர், தலையைக் காட்டுவதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வரவேண்டும்.

ஐந்தாவது ஆலோசனைதான் ஆகச் சிறந்தது: மனிதனாக வராதீர்கள், கம்பெனியாக வாருங்கள். ஒசூரிலும் போச்சம்பள்ளியிலும் பாருங்கள். எந்த நாட்டு முதலீடு வந்தாலும் நிலம் தயார், தண்ணீர் தயார், மின்சாரம் தயார். ஒற்றைச் சாளரத்தில் அனுமதி. முதலமைச்சரே பூங்கொத்தோடு நிற்பார். கம்பெனியிடம் யாரும் உன் தாய் எந்தப் படகில் வந்தாள் என்று கேட்பதில்லை. முகாமில் பிறந்து, இங்கேயே அரசுப் பள்ளியில் படித்து, கடன் வாங்கி இன்ஜினியரிங் முடித்த பையன் அதே சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் போய் நின்றால் முதல் கேள்வி நாடு எது என்பது. அப்புறம் என்ன? அப்பா பிடித்த பிரஷ்தான். ஒசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வந்தால், கெலவரப்பள்ளி முகாம் பையன் அதன் சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம். உள்ளே போய் வெளிநாட்டு விமானம் ஏற அவனிடம் பாஸ்போர்ட் இருக்காது.

கடைசி ஆலோசனை: ஒத்துவரவில்லையென்றால் சொந்த ஊருக்கே திரும்பிவிடுங்கள். அதையும் செய்து பார்த்தார்கள். 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் முறைப்படி திரும்பிய எழுபத்தைந்து வயது முதியவர் ஒருவரை யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். குற்றம்: அந்தக் காலத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனது. குண்டு விழும்போது குடிவரவு அதிகாரியிடம் முத்திரை குத்திக்கொண்டு ஓடியிருக்க வேண்டுமாம். இந்தக் கரைக்கு வந்தது குற்றம், அந்தக் கரையை விட்டுப் போனது குற்றம். நடுவில் மணல்திட்டுதான் மிச்சம். 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதாரம் விழுந்தபோது நாலு மாதக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பத்தைப் படகுக்காரர்கள் அப்படித்தான் அரிச்சல்முனை அருகே ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

அதே 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், இந்தியா ஒன்றும் தர்மசாலை அல்ல என்று வாய்மொழியாகச் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவர். மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதால் தங்க அனுமதி கேட்டார். அவர் வழக்கு எப்படியோ போகட்டும். ஆனால் அந்த வாக்கியம் அவரோடு நிற்கவில்லை. எந்தத் தப்பும் செய்யாத 58,000 பேர் முதுகிலும் விழுந்தது. சத்திரம் கட்டிய நம் முன்னோர்கள் வந்தவனுக்குச் சோறு போட்டார்கள், படுக்கத் திண்ணை தந்தார்கள், விடிந்ததும் வழியனுப்பினார்கள். நாற்பது வருடம் பூட்டிவைத்து வாரிசுகளையும் சேர்த்து எண்ணிய சத்திரம் வரலாற்றில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு சலுகையும் தந்தது: 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாத குற்றத்துக்காகத் தண்டனை இல்லை. அதாவது இருக்கலாம், ஜெயிலில் போடமாட்டோம். நன்றி சொல்லிவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

இனி கேலி போதும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிலோயிலா என்று ஒரு சின்ன ஊர். மாட்டுக்கறித் தொழிற்சாலையும் நிலக்கரிச் சுரங்கமும் உள்ள ஊர். அங்கே தஞ்சம் கேட்டு வாழ்ந்த ஓர் ஈழத் தமிழ்க் குடும்பத்தை, ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகளோடு, 2018 மார்ச்சில் விடியற்காலையில் அதிகாரிகள் பிடித்துப் போனார்கள். பிறகு கிறிஸ்துமஸ் தீவில் அடைத்தார்கள். சின்னக் குழந்தைக்கு நோய் முற்றி 2021இல் பெர்த் மருத்துவமனைக்குத் தூக்கிப் போகவேண்டி வந்தது. அந்த நாட்டு அரசு நம் அரசுக்குக் குறைந்ததல்ல. ஆனால் பிலோயிலா ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தமிழ் தெரியாத, வெள்ளைத்தோல் கிராமத்தார் நாலு வருடம் மனுப் போட்டார்கள், எம்.பி.யைத் துரத்தித் துரத்திக் கேட்டார்கள். ஆட்சி மாறியதும் 2022 ஜூனில் அந்தக் குடும்பம் பிலோயிலாவுக்கே திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

நம் வட்டத்தில் அதே மொழி பேசுகிற, அதே சாமி கும்பிடுகிற, நம் பள்ளியிலேயே நம் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகளுக்காக கல்லாவி எத்தனை மனுப் போட்டது? ஊத்தங்கரை எத்தனை நாள் கடையடைத்தது? தண்ணீருக்கு மறியல் செய்வோம், சாதிச் சான்றிதழுக்கு மறியல் செய்வோம், அமெரிக்காவில் நம் பிள்ளைக்கு ஒன்றென்றால் டீக்கடையில் கொதிப்போம். முகாம் ஆளைப் பார்த்தால், சுவருக்கு ஒரு சதுர அடிக்கு என்ன கேட்பார் என்பதோடு நம் அக்கறை முடிந்துவிடும். டெல்லி கதவை மூடியது, சென்னை பலகையை மாற்றியது. பக்கத்து வீட்டுக்காரர்களாகிய நாம் திரும்பிப் படுத்துக்கொண்டோம். மூன்றும் ஒரே குற்றம்தான்.

அடுத்த முறை உங்கள் சட்டமன்ற உறுப்பினரோ நாடாளுமன்ற உறுப்பினரோ கல்லாவிப் பக்கம் வந்தால், சாலை, சாக்கடை கேட்டு முடித்த பிறகு இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: பாம்பாறு அணையில் பிறந்த பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை? பதில் வரும்வரை வண்டியை நகர விடாதீர்கள்.