நாற்காலி சம்ரட்சணை

மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் எத்தனையோ நூற்றாண்டுகளாகக் கருங்கல் ஆவுடையாரில் கவலையின்றி வீற்றிருக்க, அதே விருத்தாசலத்தில் மர நாற்காலி வைத்திருக்கும் கிருகஸ்தர்களோ, சித்திரை வெயிலில் சுருங்கி, ஐப்பசி மழையில் உப்பி, மூட்டுக்கு மூட்டு ஆட்டங்காணும் அந்த ஜடவஸ்துவுக்குச் செய்கிற சிசுருஷை பெற்றோருக்குக்கூட வாய்ப்பது அபூர்வம். பீங்கானுக்குப் பேர்போன ஊரல்லவா! எறும்பு ஏறாதிருக்க நாற்காலியின் நான்கு கால்களையும் நீர் வார்த்த பீங்கான் கிண்ணங்களில் நிறுத்துவாரும் உண்டு. ஈரம் குடித்த கால்நுனி இற்றுப்போவது வேறு விஷயம். பிரம்புப் பின்னலின் துவாரங்களில் குடியேறிய மூட்டைப்பூச்சியை ஒழிக்க உச்சிவெயிலில் கிடத்துவார்கள். பூச்சி நிழற்பக்கம் நகர்ந்துவிடும், வெடிப்பது மரந்தான்.

தொய்ந்த பிரம்பின் அடிப்புறத்தை வெந்நீர்த் துணியால் நனைத்து, ஓர் இராத்திரி நிழலில் உலரவிட்டால் அது தானே இறுகிக்கொள்ளும் என்கிற சுலப வைத்தியத்தை மட்டும் எவரும் செய்வதில்லை. அந்த இராத்திரி எஜமானர் எங்கே உட்காருவார்? அரக்கு மெருகிட்ட கைப்பிடிமேல் சுடச்சுடக் காப்பி டம்ளரை வைத்து வெள்ளை வளையம் பதிப்பவரும் அந்த மகானுபாவரே.

ஆகையால், விருந்தாளிகளே, நாற்காலியில் துண்டு விரித்திருக்கக் கண்டால் தயவுசெய்து திண்ணையிலேயே அமருங்கள்.