இன்டர்மீடியட் சவாரி

ஐஸ்லாந்துக்குள் நுழைய மனிதனுக்கு ஷெங்கன் விசா போதும். குதிரைக்கோ எந்த விசாவும் கிடையாது. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் குடியேறிகள் கப்பலில் ஏற்றி வந்த குதிரைகளின் வாரிசுகள் மட்டுமே அங்கே மேயலாம். உள்ளூர்க் குதிரையும் ஒருமுறை வெளிநாடு போனால் போனதுதான். உலக சாம்பியன்ஷிப்பில் ஜெயித்தாலும் பதக்கம் மட்டும்தான் ஊர் திரும்பும். தீவில் பல குதிரை நோய்களே இல்லாததால் அங்குள்ள குதிரைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. அதனால் இந்தக் கறார். வேறு ஊரில் சவாரி செய்த பழைய கையுறையைக்கூட உள்ளே கொண்டுபோக முடியாது.

இவ்வளவு கெடுபிடியில் வளர்ந்த குதிரையிடம் வாலாட்டக் கூடாது என்பது என் கருத்து. என் மச்சினன் கருத்து வேறு. விடுமுறைக்குப் போன இடத்தில், ஹ்வேராகெர்தி என்ற ஊர்ப்பக்கம் ஒரு பண்ணையில் சவாரிக்குப் பணம் கட்டிவிட்டான். ரெய்க்யாவிக்கிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். தரையே அங்கங்கே கொதித்து ஆவி விடும் ஊர்.

பண்ணையில் ஒரு படிவம் தந்தார்கள். கல்யாணமான நாளாக நான் கேட்கத் துணியாத கேள்வியை அந்தக் காகிதம் முதல் வரியிலேயே கேட்டது: எடை. என் மனைவி கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். அடுத்தது அனுபவம்: புதியவர், இன்டர்மீடியட், தேர்ந்தவர். மச்சினன் நடுவில் டிக் அடித்தான்.

"எப்படி மாப்ள?"

"கொடைக்கானல் ஏரியை ஒரு ரவுண்டு வந்திருக்கேனே மாமா!"

"குதிரைக்காரர்தானே கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாரு?"

"அவர் நடந்தாரு. நான் ஓட்டினேன்."

ஐஸ்லாந்துக் குதிரை குள்ளம். தோள் உயரம் 140 சென்டிமீட்டர் பக்கம்தான் இருக்கும். மச்சினன் அதை 'போனி' என்று சொல்லிவைக்க, வழிகாட்டிப் பெண்ணின் முகம் சுருங்கியது. அங்கே அப்படிச் சொன்னால் பிடிக்காது.

நடை, துள்ளோட்டம், பாய்ச்சல் ஆகியவற்றோடு இந்தக் குதிரைக்கு 'டோல்ட்' என்றொரு நடையும் உண்டு. எந்நேரமும் ஒரு காலாவது தரையில் இருப்பதால் மேலே இருப்பவர் குலுங்குவதில்லை. நிறைந்த பீர் கோப்பையை ஏந்தி, சிந்தாமல் ஓட்டும் போட்டியே நடத்துகிறார்கள்.

புதியவர்களான எனக்கும் மனைவிக்கும் சாதுக் குதிரைகள். பாசி படர்ந்த எரிமலைப் பாறைகள், பக்கவாட்டில் அடிக்கும் மழை. என் குதிரை, ஓய்வு பெற ஒரு மாதமே இருக்கும் குமாஸ்தாவைப் போல, முன்னால் போவதன் வாலைப் பார்த்தபடி நடந்தது. மச்சினனின் குதிரை மட்டும் படிவத்தை முழுசாக நம்பியது. டோல்ட்டில் கிளம்பி, பாய்ச்சலுக்கு மாறி, ஓடையைத் தாண்டியது. "மாமாஆஆ" என்ற சத்தம் மட்டும் எங்களுக்கு மிஞ்சியது. நல்ல புல்லைக் கண்ட இடத்தில் அதுவாகவே நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் பிடரி மயிரைக் கட்டிப்பிடித்துக் கிடந்தான்.

"என்ன மாப்ள, கையில பீர் கோப்பை இருந்திருந்தா சிந்தியிருக்குமா?"

"பீர் சிந்தியிருக்காது மாமா. நான் சிந்தியிருப்பேன்."

குதிரையேறப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எடையில் ஒரு கிலோவை ஒளித்தால் குதிரை பெரிய மனசு பண்ணி விட்டுவிடலாம். அனுபவத்தில் ஒரு படி கூட்டினால் விடாது. ஏரியைச் சுற்றியவர்கள் எல்லோரும் தயவுசெய்து 'புதியவர்' கட்டத்திலேயே டிக் போடுங்கள்.