புதன்கிழமை மாத்திரை

ஆட்டோ இம்யூன் நோய்க்காரர்களுக்கு ஒரு பெரிய குறை உண்டு. நாங்கள் பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறோம். கட்டுப் போட்ட கையோ, முடி உதிர்ந்த தலையோ இருந்தால் பஸ்ஸில் உட்கார இடமாவது கிடைக்கும். எனக்கு வந்திருப்பது முடக்குவாதம். என்னைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, என் மூட்டுகளின் உள்சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. இதைச் சொன்னால், "உனக்கென்னம்மா, நல்லாத்தானே இருக்கே" என்கிறார்கள்.

இந்த நோயின் குறும்பு காலையில்தான். எழுந்தால் விரல்கள் மடங்காது. பேஸ்ட் மூடியைத் திறக்க ஆள் வேண்டும், புடவைக்கு ஊக்குக் குத்த ஆள் வேண்டும், குக்கர் மூடியைப் பற்றிப் பேசவே வேண்டாம். நேரம் ஆக ஆக இறுக்கம் தளரும். டாக்டர்களோ சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் உட்காருவார்கள். காலையில் தம்ளரைப் பிடிக்க மறுத்த அதே கை, அவர்கள் முன்னால் மட்டும் பரதநாட்டிய முத்திரை காட்டும்.

திருச்சியில் தில்லைநகர்ப் பக்கம் போனால் டாக்டர் போர்டு இல்லாத வீடு குறைவு. ஒவ்வொரு போர்டாக ஏறி இறங்கினேன். முதலாமவர் சிக்குன்குனியா என்றார். 2006-இல் அது தமிழ்நாட்டையே படுக்கப் போட்டதிலிருந்து, மூட்டு வலி என்றால் முதல் சந்தேகம் கொசு மேல்தான். அடுத்தவர் எலும்பு டாக்டர். கால்சியம் எழுதிவிட்டு, தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கச் சொன்னார். திருச்சிவாசியை வெயிலில் நிற்கச் சொல்லி ஃபீஸ் வாங்க ஒரு தைரியம் வேண்டும். இன்னொருவர் நான் வாயைத் திறக்குமுன் பாதிச் சீட்டை எழுதி முடித்து, "டென்ஷனைக் குறைங்க" என்றார். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், "அதைத்தான் டாக்டர் நானும் சொல்றேன்" என்றார். அன்றைக்கு வீடு திரும்பும் வரை டென்ஷன் குறையவில்லை.

முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. ஃபாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தவர்தான் உச்சம். "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லை. அப்ப உங்களுக்கும் ஒண்ணுமில்லை." முடக்குவாதக்காரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்தப் பரிசோதனை நெகட்டிவாகவே வரும் என்பதும், நோயே இல்லாத சிலருக்குப் பாசிட்டிவ் காட்டும் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது.

இதற்கிடையே வீட்டு வைத்தியம் தனியாக நடந்தது. மாமியார் முடக்கத்தான் கீரை தோசை சுட்டுத் தந்தார். நோய்க்குத் தெரியாவிட்டாலும் நாக்குக்குத் தெரியும், அருமையான தோசை. பெரியம்மா ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பெயர் கிடையாது, லேபிள் கிடையாது. "ஒரே நாள்ல வலி பறந்துடும், வேரோட போயிடும்!"

கடைசியில்தான் இந்த மாதிரி மூட்டு நோய்களுக்கென்றே ரூமட்டாலஜிஸ்ட் என்று ஒரு ஜாதி டாக்டர் இருப்பதே தெரிந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனித்துறை பல பத்தாண்டுகளாக இருக்கிறதாம். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. போய்ப் பார்த்த டாக்டரம்மா என் ஃபைலைத் தள்ளி வைத்துவிட்டு, "காலைல எழுந்ததும் எவ்வளவு நேரம் கை மடங்காம இருக்கு?" என்று கேட்டார். அழுகையே வந்துவிட்டது. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணுக்கள், முழங்கால் என்று 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். அழுத்திக்கொண்டே பெரியம்மாவின் பொட்டலத்துக்கும் பதில் சொன்னார். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், படுக்கையை விட்டு எழவே திணறிய ஒரு பெண்ணுக்கு ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். சில நாளில் அவள் கடைவீதிக்குப் போய் வந்தாள். 1950-இல் ஹென்சுக்கு நோபல் பரிசு. முகம் வீங்குவதும் எலும்பு மெலிவதும் பின்னால் வந்த கதை. "ஒரே நாள்ல வலி பறந்தா, பொட்டலத்துல ஸ்டீராய்டு இருக்கான்னுதான் நான் முதல்ல பார்ப்பேன்."

பிறகு சொன்னார்: "இதை வேரோட எடுக்க முடியாது. அடக்கி வைக்கலாம்." எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். குணமாக்குகிறேன் என்று சொல்லாத முதல் ஆள் இவர்தான். அந்த நிமிடமே இவரைவிட்டுப் போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

எழுதித் தந்தது மெத்தோட்ரெக்ஸேட். முதலில் புற்றுநோய்க்கென்று வந்த மருந்து. எங்களுக்குச் சின்ன அளவில், வாரம் ஒரே ஒரு நாள். தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் சீட்டில் தமிழில், கொட்டை எழுத்தில் "புதன்" என்று எழுதி, அடிக்கோடிட்டு, என்னைச் சொல்லச் சொன்னார். அப்புறம் வீட்டுக்காரரைச் சொல்லச் சொன்னார். மாமியாருக்கு இங்கிலீஷ் மருந்து பிடிக்காது. ஆனால், "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க, நாள் பார்த்துத்தான் குடுத்திருக்கா" என்று அந்த டாக்டரை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

கூடவே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மலேரியா மாத்திரை, எங்கள் நோய்க்கும் கேட்கும். 2020-இல் கொரோனாவுக்கு அதுதான் மருந்து என்று ஒரு பேச்சுக் கிளம்பியதும் மருந்துக்கடைகளில் அது காணாமல் போனது. என் நோயை நம்பாத சொந்தமெல்லாம் என் மாத்திரையை நம்பியது. பல நாள் பேசாமலிருந்த சித்தப்பா போன் செய்து, "ஒரு அட்டை மிச்சமிருக்காம்மா?" என்றார்.

"தரேன் சித்தப்பா. இது கண்ணைப் பாதிக்கலாம், வருஷாவருஷம் விழித்திரை டெஸ்ட் பண்ணணும். நீங்க முதல்ல டெஸ்ட் எடுத்துட்டு ரிப்போர்ட்டோட வாங்க."

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.