ஏழாவது ஆள் தேவை

அனுப்புநர்: ஒரு காப்பீட்டு ஏஜெண்ட், சூரமங்கலம், சேலம் – 636005.

பெறுநர்: தலைவர் அவர்கள், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், நானக்ராம்குடா, ஐதராபாத்.

பொருள்: கொலுசுப் பட்டறை ஒன்றில் ஆறு பேர் மட்டுமே வேலை பார்க்கும் குற்றம் – மன்னித்து அவர்களையும் ஒரு குழுவாக ஏற்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 2047-க்குள் எல்லோருக்கும் காப்பீடு என்னும் தங்கள் அறிவிப்பு.

ஐயா,

பார்வையில் கண்ட அறிவிப்பைப் படித்ததிலிருந்து தெம்பாக இருக்கிறேன். நான் பாலிசி எழுதப் போகும் பட்டறையிலேயே இளையவனுக்கு இப்போது 22 வயது. 2047-இல் அவனுக்கு 43 ஆகும். அதுவரை அவனுக்குக் காய்ச்சல், கல்லடைப்பு, குடல்வால் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எந்தத் துறையிடம் இருக்கிறது என்று தெரிந்தால் ஓனரிடம் சொல்லிவிடுவேன். அவர்தான் நச்சரிக்கிறார்.

பட்டறையைப் பற்றி இரண்டு வார்த்தை. செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம் என்று இந்தப் பக்கம் எந்தச் சந்துக்குள் போனாலும் வெள்ளி வேலை நடக்கும். கம்பி இழுப்பது ஓரிடம், வளையம் கோப்பது ஓரிடம், பற்றவைப்பது ஓரிடம், மெருகு போடுவது ஓரிடம். ஒரு ஜோடிக் கொலுசு கடைக்கு வருவதற்குள் பல வீட்டு வாசலைப் பார்த்துவிடும். இப்படி வேலையைப் பிரித்துக் கொடுத்துப் பழகியதால் எந்தப் பட்டறையும் பெரிதாக வளர்வதில்லை. நாலு பேர், ஆறு பேர், மிஞ்சினால் எட்டுப் பேர். 2025 டிசம்பரில் வெள்ளி கிலோ 2 லட்சத்தைத் தாண்டிய பிறகு எட்டாக இருந்ததும் ஆறாகிவிட்டது. நான் சொல்லும் பட்டறையில் ஆறு பேர். பற்றவைக்கும் நெருப்புக்கும் ஆசிட் தொட்டிக்கும் நடுவே, ஒரே அறையில், ஒரே டீ கேனைப் பகிர்ந்துகொண்டு, காலை முதல் இரவு வரை சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்தால் குழு மாதிரிதான் தெரியும். ஏமாந்துவிடக் கூடாது.

ஏனென்றால், குழு மருத்துவக் காப்பீட்டுக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்பது கிளை அலுவலகத்தில் எனக்குச் சொல்லப்படும் கணக்கு. ஆறு பேர் என்றால் அது கூட்டம்கூட இல்லை. ஆறு தனி மனிதர்கள் தற்செயலாக ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஓனர் விவரமான ஆள். “ஏனுங்கண்ணா, கவர்மெண்டே ஈ.எஸ்.ஐ. வச்சிருக்குதே, அதுல சேத்துடலாமா?” என்றார். அதற்குப் பத்துப் பேர் வேண்டும் என்றேன். பி.எஃப்.புக்கு இருபது. சங்கம் பதிவு செய்வதென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி மறுபடியும் ஏழு. “அப்ப ஆறுக்கு என்னதானுங்க கிடைக்கும்?” என்று கேட்டார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, 5 லட்சம் வரை பார்ப்பார்கள், ஆனால் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும் என்றேன். அதாவது மாதம் 10,000. அதற்கு மேல் கூலி கொடுத்து ஆட்களைக் கெடுத்து வைத்திருக்கிறார் இவர். மீதி இருப்பது கோட்டை மாரியம்மன். அங்கே ஆள் கணக்கு கேட்பதில்லை.

மச்சானைச் சம்பளப் பட்டியலில் சேர்த்து ஏழாக்கிவிடலாமா என்றும் கேட்டார். டீ கொண்டுவரும் பையன் பெயரும் அடிபட்டது. வேண்டாம் என்றேன். பாலிசி எடுக்கும்போது யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மச்சான் படுத்த பிறகு சம்பள ரசீது, வருகைப் பதிவேடு, பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் வரிசையாகக் கேட்பார்கள். கடைசியில் மச்சானுக்கு இருந்த நெஞ்சுவலி ஓனருக்கு வந்துவிடும்.

ஆளுக்கொரு தனிநபர் பாலிசி எடுக்கச் சொல்லக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த ஆறு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு பிரஷர். தனிநபர் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம்; தாங்களே 2024-இல் அதை நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்தீர்கள், நன்றி. ஆனால் குழு பாலிசி என்றால் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கவர் உண்டு, மெடிக்கல் டெஸ்டும் கிடையாது. சர்க்கரை உள்ளவனைக் காக்க வைக்காமல் சேர்த்துக்கொள்ளும் வாசல் அதுதான். அந்த வாசலில்தான் ஏழு என்று எழுதி மாட்டியிருக்கிறது.

சரி, ஏழு பேர் இருக்கும் பட்டறை ஒன்று கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தலா 2 லட்சம் கவர், மொத்தப் பிரீமியம் 35,000. இது கணக்குக்காக நான் சொல்லும் தொகை. பாலிசி வருகிறது. எட்டாவது மாதம் ஒருவனுக்குக் குடல்வால் ஆபரேஷன், பில் 70,000. கம்பெனி கொடுத்துவிடுகிறது. ஓனருக்கு என் மேல் மரியாதை கூடுகிறது, இனிமேல் டீ இரண்டு கிளாஸ். அடுத்து ரினிவல் கோட்டேஷன் வருகிறது. 35,000 வாங்கி 70,000 கொடுத்தோம், கிளெய்ம் ரேஷியோ 200 சதவீதம், எனவே பிரீமியம் இரட்டிப்பு. டீ நின்றுவிடுகிறது. “ஒருத்தன் வயித்த அறுத்ததுக்கு மீதி ஆறு பேருக்கும் சேத்து தண்டமாங்கண்ணா?” என்கிறார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்பெனிக்கு மெயில் போட்டால் ‘குழுவின் அனுபவத்தின் அடிப்படையில்’ என்று ஒரு வரி வருகிறது. குடல்வால் போனது ஒருவனுக்கு, அனுபவம் மட்டும் குழுவுக்கு.

ஆயிரம் பேர் வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனிக்கு இந்த ரேஷியோ பொருந்தும். ஆயிரம் பேரில் இத்தனை பேர் படுப்பார்கள் என்று கணக்குப் போடலாம். போன வருடமும் அதுதான், வரும் வருடமும் ஏறக்குறைய அதுதான். ஏழு பேரில் ஒருவன் படுப்பதும் படுக்காததும் அவனவன் நேரம். அதை வைத்து ரேஷியோ போடுவது, ஒரே ஒரு தடவை தாயம் உருட்டிவிட்டு ஆட்டம் முழுவதையும் எழுதி வைப்பதுதான். பட்டறைக்காரர்கள் இந்த முறைக்கு ஒத்துவரத் தயாராகவே இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருவர் வீதம், அகர வரிசைப்படி, 30,000 ரூபாய்க்கு மிகாத நோயாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளச் சொல்லித் தாங்கள் ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். ரேஷியோ 90-க்குள் நிற்கும்.

காசு இருந்தால்தான் வைத்தியம் என்று நாம் திட்டும் அமெரிக்காவிலேயே இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஒபாமா காலத்துச் சட்டப்படி 2014 முதல் அங்கே ஒரு கம்பெனி ஒரு மாநிலத்தில் எழுதும் சிறு நிறுவனப் பாலிசிகள் எல்லாம் ஒரே கணக்கு. வயது, ஊர், குடும்பத்தில் எத்தனை பேர், புகையிலைப் பழக்கம் ஆகியவற்றைப் பார்த்து விலை வைக்கலாம். உன் கடையில் ஒருவன் ஆபரேஷன் செய்துகொண்டான் என்பதற்காக உன் கடைக்கு மட்டும் விலையை ஏற்ற முடியாது. அங்கேயும் பிரீமியம் விண்ணைத் தொடுகிறது, அது வேறு கதை. ஆனால் ஒருவன் வயிற்றுவலிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவன் அபராதம் கட்டுவதில்லை.

இதைக் கேட்டதும் ஓனருக்கு உற்சாகம். “அப்ப நம்ம ஏரியா பட்டறை எல்லாம் ஒண்ணா சேந்து ஒரே பாலிசி எடுத்துட்டா?” அருமையான யோசனை. காப்பீடு என்ற ஒன்று உலகத்தில் பிறந்ததே இப்படித்தான். ஆனால் காப்பீடு வாங்குவதையே முக்கிய நோக்கமாகக் கொண்டு சேர்ந்த கூட்டம் குழு ஆகாது என்பது தங்கள் விதி. வேறு ஏதாவது ஒரு பொது நோக்கத்துக்காக முதலில் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு, போகிற போக்கில், அட, பாலிசியும் எடுக்கலாமே என்று தோன்ற வேண்டும். ஆரோக்கியத்துக்காகச் சேர்ந்தால் சந்தேகம். ஆடிப் பண்டிகைக்குக் கூழ் ஊற்றச் சேர்ந்தால் யோசிக்கலாம். ஆகவே கூழ் ஊற்றும் குழு ஒன்றைப் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறோம். கூழுக்கு அண்டா வாங்கியாகிவிட்டது. நோக்கத்துக்குச் சாட்சியாக அதன் ரசீதையும் ஃபைலில் வைத்திருக்கிறேன்.

போலிக் குழுக்களைத் தடுக்கத்தான் அந்த விதி என்று எனக்கும் தெரியும். ஆள் பிடித்து, கார்டு அடித்து, குழு என்று பெயர் வைத்துப் பணம் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் எல்லோரும் பொது நோக்கத்தை மிகத் தெளிவாக எழுதிக் கொடுத்திருப்பார்கள் ஐயா. எழுதத் தெரியாதவன் பட்டறைக்காரன்தான்.

வரிக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. குழு பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஒரு கோடி ரூபாய்க்குக் குடும்பப் பாலிசி எடுக்கும் மில் அதிபருக்கு வரி பூஜ்யம். ஏழு பேருக்கு 35,000 கட்டும் பட்டறைக்காரருக்கு வரி 6,300. உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாமே என்றால், சட்டப்படி கட்டாயம் என்று இருந்தால்தான் தொழிலாளர் காப்பீட்டுக்கு அது கிடைக்கும். கொரோனாவின்போது, 2020 ஏப்ரலில், உள்துறை அமைச்சகம் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்றது. தாங்களும் அடுத்த நாளே கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை விட்டீர்கள். நோய் போனது, கட்டாயமும் கூடவே கிளம்பிவிட்டது. ஜி.எஸ்.டி. எங்கள் கையில் இல்லை, அது கவுன்சில் விவகாரம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தங்கள் பெயரில் ‘மேம்பாட்டு’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அது எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் அங்கே ஒரு மனு கொடுப்பேன்.

என் சொந்தக் கதையை அதிகம் நீட்டவில்லை. 2023 ஏப்ரலுக்கு முன்பு குழு மருத்துவ பாலிசிக்குக் கமிஷன் உச்சவரம்பு 7.5 சதவீதம், தனிநபர் பாலிசிக்கு 15. இப்போது அந்தந்தக் கம்பெனியின் போர்டு முடிவு செய்வது. தனிநபர் பாலிசியில் வரி நீங்கிய சந்தோஷத்தில் பல கம்பெனிகள் ‘இனிமேல் கமிஷன் வரி உட்பட’ என்று சொல்லிவிட்டன. 100 ரூபாய் வந்த இடத்தில் 84 ரூபாய் 75 காசு. மக்களுக்குக் கிடைத்த வரிச் சலுகையில் என் பங்கு 15 ரூபாய் 25 காசு என்று எடுத்துக்கொள்கிறேன். இதில் ஓனர்கள் வேறு, “மத்த ஏஜெண்ட் எல்லாம் கமிஷன்ல பாதி திருப்பித் தர்றாங்களாமே” என்று கண்ணடிப்பார்கள். அந்தப் பாதி, 35,000 பிரீமியத்துக்குப் பழைய 7.5 சதவீதக் கணக்கில்கூட 1,312 ரூபாய். அதைக் கொடுத்தால் 1938-ஆம் வருடத்துக் காப்பீட்டுச் சட்டம் பிரிவு 41-இன்படி அபராதம் 10 லட்சம் வரை. ப்ரொபோசல் ஃபாரத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். ஃபாரத்தில் அனைவரும் படிக்கும் ஒரே பகுதி அதுதான், ஐடியா கிடைக்கிறதல்லவா.

ரூம் வாடகை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கவர் தொகையில் ஒரு சதவீதம்தான் ஒரு நாள் வாடகை என்று பல சிறு பாலிசிகளில் இருக்கும். 2 லட்சத்துக்கு 2,000. ஆஸ்பத்திரியில் 3,000 ரூபாய் ரூம்தான் காலி என்கிறார்கள். வலியில் துடிப்பவன் ஏறிப் படுத்துவிடுகிறான். கூடுதல் ஆயிரத்தை மட்டும் கட்டினால் போதும் என்று நினைக்கிறான். இல்லை. மூன்றில் இரண்டு பங்கு என்ற விகிதம் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று ஒவ்வொன்றாக இறங்குகிறது. மருந்தையும் உள்ளே வைக்கும் கருவிகளையும் இந்த வெட்டிலிருந்து தாங்கள் விலக்கி வைத்தது பெரிய உதவி. மீதியை ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்ட்டரில் நின்று நான்தான் விளக்குகிறேன். கொலுசுக்குக் கூலி கணக்குப் போடுகிறவனுக்கு விகிதம் சட்டென்று புரிந்துவிடும். புரிந்த பிறகுதான் கோபம் வரும்.

கோரிக்கை சிறியது. ஏழு என்பதை இரண்டு ஆக்குங்கள். பட்டறை, லேத், லாரி பாடி கட்டும் ஷெட், கோழிப்பண்ணை என்று சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இருக்கும் சின்னக் குழுக்களை எல்லாம் ஒரே கணக்கில் போட்டு விலை வைக்கச் சொல்லிக் கம்பெனிகளுக்கு ஒரு வரி எழுதுங்கள். இவை நடக்கக் காலம் பிடிக்கும் என்றால் இடைக்கால ஏற்பாடு ஒன்று இருக்கிறது. சபரி எக்ஸ்பிரஸ் செகந்திராபாத்தில் கிளம்பி எங்கள் சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் ஜங்ஷன் வழியாகத்தான் போகிறது. தங்கள் அதிகாரிகளில் ஒருவரை அதில் ஏற்றி அனுப்பி வையுங்கள். மெருகு போடும் வேலை சீக்கிரம் பிடிபட்டுவிடும். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் ஏறிய அன்றைக்கே இந்தப் பட்டறையில் ஏழு பேர். அவருக்கான பிரீமியத்தையும் ஓனரே கட்டுவதாகச் சொல்லிவிட்டார். அந்த 18 சதவீத வரியை மட்டும் அதிகாரி தன் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். ஆதார் நகல் இரண்டு கொண்டுவரச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள ஏஜெண்ட்